பின்பக்கம் அச்சடிக்காத அட்டை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது. அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது. மேலே தெரிவது ஒரு பென்சில் படம். வட்டத் தொப்பி வைத்த குமாஸ்தா ஒருவர் ரப்பர் முத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். முகத்தில் முக்கால் பங்கு கண்கள்தான். ஜப்பானியர்களின் அனிமே என்ற கார்ட்டூன் படங்களில் வருகிற கண்கள். புருவங்கள் மட்டும் நிஜமானவை. நெற்றி நடுவில் ஒன்றையொன்று தொட முயன்று பாதியில் கைவிட்ட புருவங்கள். கல்கத்தா அலுவலகத்தில் முப்பது வருடம் எல்லோரும் ‘பிரதர்’ என்று அழைத்த என் நண்பருடையவை. அட்டையின் மறுபக்கத்தில் அச்சு இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன் என்பது அதற்குக் காரணம் இல்லை.

பிரதர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தபால் பிரிவில் இருந்தார். நான் நிர்வாகப் பிரிவு. விடுப்பு விதியிலிருந்து ஒழுங்கு நடவடிக்கை வரை எந்தச் சந்தேகம் என்றாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். பதினான்கு விசாரணைகளில் விசாரணை அதிகாரியாக இருந்திருக்கிறேன். என் அறிக்கை ஒன்றுகூட மேல்முறையீட்டில் தள்ளுபடியானதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பிரதரோ மதிய உணவு இடைவேளையில் மட்டும், அலுவலக நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் திருடாமல், சுவிசேஷ அட்டைகளைக் கொடுத்துக்கொண்டு திரிந்தவர். அட்டையில் வங்காளம், இந்தி, தமிழ் என்று மூன்று மொழியில் ஒரே கேள்வி: ‘நீங்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்?’ அதற்குக் கீழே நாலைந்து வரிகள். அடியில் புள்ளிக்கோடு போட்டு பெயர், முகவரி, ஜெபக் குறிப்பு என்று மூன்று இடங்கள். நிரப்பிக் கொடுத்தால் அவர் நமக்காக ஜெபம் செய்வார். எனக்கு மட்டும் நூறு அட்டையாவது கொடுத்திருப்பார். வாழ்நாளில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டிராத நான் அதை மட்டும் நிரப்பியதே இல்லை. “இதை எத்தனை காப்பியில தரணும் பிரதர்?” என்பேன். “ஒண்ணு போதும் சார். ஆபீஸ் காப்பி மேல இருக்கு” என்பார்.

அனிமே அவருக்கு நோயாளியின் கட்டிலருகே வந்தது. அவர் மனைவி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். சின்னச் சத்தமும் அந்த அம்மாவுக்கு ஆகாது. ஒலியே இல்லாமல் பார்க்கத் தோதாக, கீழே எழுத்து ஓடுகிற படங்களைத் தேடிப் போனவர் ஜப்பானில் போய் இறங்கிவிட்டார். அந்த அம்மா தூங்கும் நேரமெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு டாலிகஞ்ச் வீட்டில் அவர் ஒருவர்தான். ஒரே மகள் ஊர்ப்பக்கம் பாளையங்கோட்டையில். பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அனிமே பார்க்கிற இளைஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, “தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு சார், நீங்களும் வாங்க” என்றார். ஓய்வு பெற்றவனுக்கு மறுக்கக் காரணம் கிடைப்பது கடினம். போனேன்.

பத்துப் பன்னிரண்டு பேர். அந்த வீட்டுப் பெண் ஓவியக் கல்லூரி மாணவி. கோயம்புத்தூரிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு பையனைத் தவிர மற்றவர்கள் எல்லாம் வங்காளிப் பிள்ளைகள். அந்தப் பெண் என்னை ‘ஜேட்டு’ என்றாள், அதாவது பெரியப்பா. பிரதரைக் ‘காக்கு’, சித்தப்பா. பணிமூப்புப் பட்டியல் எதையும் பார்க்காமல், தலையில் மிஞ்சிய கறுப்பு முடியை வைத்தே முடிவு செய்துவிட்டாள். அப்போது அவர்கள் மாதம் ஒரு பாகமாகப் பார்த்துக்கொண்டிருந்த தொடர், செத்துப்போனவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கும் ஓர் அலுவலகத்தைப் பற்றியது. அதன் நாயகன் கடைநிலைக் குமாஸ்தா. கோப்பு மேசை மாறும் முறை அதில் அவ்வளவு துல்லியமாக இருந்தது. நான் விழுந்தது அங்கேதான். மூன்றாம் மாதத்திற்குள் அந்தக் கூட்டத்திற்கு வருகைப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் வந்துவிட்டன. யாரும் கேட்கவில்லை, நானே வாங்கிப் போனேன். பிள்ளைகளுக்கு அது, படத்துப் பாத்திரங்களைப் போல வேஷம் போடும் அவர்கள் விளையாட்டுகளில் இன்னொன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

நான் சொல்ல வேண்டிய சனிக்கிழமை குளிர்காலத்தில் வந்தது. வழக்கம்போல பிரதர் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி, மூன்றாவது பெட்டியில் எனக்கு இடம் போட்டு வந்தார். நான் லேக் கார்டன்ஸிலிருந்து நடந்து வந்து அடுத்த நிலையத்தில் ஏறிக்கொண்டேன். குரங்குக் குல்லாயும் மப்ளருமாக இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அட்டையை நீட்டினார். அவர் கேள்வியை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “தம்தம் ஸ்டேஷன். பேரனைப் பார்க்க” என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். பிரதர் என் தோளில் அடித்துச் சிரித்தார். பிறகு பையைத் திறந்து புதுக் கட்டு ஒன்றைக் காட்டினார். “பாத்தீங்களா சார், கெட்டி அட்டை. பின்பக்கம் அச்சடிக்காதீங்கன்னு பிரஸ்ல சொல்லிட்டேன். போன மாசம் பாத்தேன், பிள்ளைங்க அட்டை ஓரத்துலயெல்லாம் படம் போடுதாங்க. இடம் பத்தல, பாவம்.”

இதை நான் கேட்டேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

படம் தொடங்குமுன் பிரதர் எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தார். பிள்ளைகள் உடனே பின்பக்கம் திருப்பி வரையத் தொடங்கினார்கள். கடைசியாக என்னிடம் வந்தார். அட்டையை என் கையில் வைத்துவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி வங்காளத்தில் சொன்னார்: “இவர்தான் என்னோட முப்பது வருஷத்துப் பெண்டிங் ஃபைல்!” மாடியே சிரித்தது. கோயம்புத்தூர்ப் பையன், “அங்கிள், உங்களையே பெண்டிங்ல போட்டுட்டாரே!” என்றான். நானும் சிரித்தேன். பணிக்காலம் முழுவதும் ஒரு கோப்பைக்கூடத் தேங்கவிடாத என்னை அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அன்பாகத்தான் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்றைய பாகத்தில் குமாஸ்தாவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்து, யாருமே திரும்பாத கதவு வழியாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள். விளக்கைப் போட்டார்கள். வீட்டுக்காரப் பெண் துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். பிரதர் அவளிடம் குனிந்து, “அழாதேம்மா. அவன் திரும்பி வருவான், பாரு” என்றார். “காக்கு! முடிவைச் சொல்லாதீங்க!” என்று அவள் கத்தினாள். தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்தாள். “ஜேட்டு, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன். காக்கு வீட்டிலேயே பார்த்துட்டு வந்து முன்கூட்டியே சொல்லிடறார். போன மாசமும் இப்படித்தான்.” அவ்வளவுதான் புகார். மதமும் இல்லை, அட்டையும் இல்லை. கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறார் என்று ஒரு பெண்ணின் செல்லக் கோபம். தோளில் கைபோட்டு, “பிரதர், சும்மா இருமே” என்று நான் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

நான் பேனாவை எடுத்தேன். விசாரணையின் வரம்பை விரிவாக்குவது என்று எங்கள் பாஷையில் ஒன்று உண்டு. சிறிய புகாரை வைத்துக்கொண்டு வெகுநாளாக எழுத நினைத்ததை எழுதிக்கொள்வது. தேநீர் ஆறுவதற்குள் தீர்மானம் தயார்: ‘கூட்டத்தில் காண்பிக்கப்படும் படைப்புகளின் முடிவை முன்கூட்டியே வெளியிடுதல், மதம் அல்லது அரசியல் சார்ந்த அச்சிட்ட தாள்களை வழங்குதல், அவை குறித்துப் பேசுதல் ஆகியவை இனி அனுமதிக்கப்பட மாட்டா.’ முடிவை முதலில் வைத்து மதத்தை நடுவில் ஒளித்தேன். கடுமையான வரியை நடுவில் வைப்பது பழைய கைப்பழக்கம். வாசித்தேன். கோயம்புத்தூர்ப் பையன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓகே அங்கிள்” என்றான். அந்தப் பெண் தலை குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். ஒருமனதாக நிறைவேறியது.

புத்தகத்தைப் பிரதரிடம் நீட்டினேன். முப்பது வருடமாக நான் எழுதிய எதையும் படிக்காமல் கையெழுத்திட்டவர் அன்று படித்தார். விரலை வரிக்கு அடியில் ஓட்டி, தபால் பிரிவில் முகவரியைச் சரிபார்ப்பது போல. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். “டிராஃப்ட் நல்லாருக்கு சார்” என்றார். பிறகு மிச்சமிருந்த கட்டை ரப்பர் வளையத்தில் கட்டிப் பைக்குள் வைத்தார். திரும்பும்போது மெட்ரோவில் மப்ளரைச் சரிசெய்துகொண்டே வந்தார். நான் இறங்க எழுந்தபோது, “பனி விழுது, காதை மூடிக்கிட்டுப் போங்க” என்றார்.

அடுத்த மாதம் பை இல்லாமல் வந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், பிறகு தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண், “என்ன காக்கு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். அதற்கடுத்த மாதம் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிறு கோடு போட்டேன். தொடர்ந்து மூன்று கோடுகள். தகவலின்றி வராதிருப்பவருக்கு முதலில் என்ன அனுப்ப வேண்டும், எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு நிலையம் தள்ளி இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பது மட்டும் அந்த விதிகளில் இல்லை. ‘இந்த வாரம் போகலாம்’ என்று பல வாரம் சொல்லிக்கொண்டேன். தொடரின் கடைசிப் பாகத்தை அவர் இல்லாமல்தான் பார்த்தோம். குமாஸ்தா திரும்பி வந்தான். அதிகாரிகளின் வாசல் வழியாக அல்ல, கையில் ஒரு மனுவோடு, மனுதாரர்களின் வரிசையில் கடைசி ஆளாக. “காக்கு சொன்ன மாதிரியே!” என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. அன்றுதான் தன் பழைய நோட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்து, “அவரைப் பார்த்தால் கொடுங்கள் ஜேட்டு” என்று என்னிடம் தந்தாள். நான் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வரைந்த படம் அது. அதே கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்ய நானே முன்மொழிந்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் டாலிகஞ்ச் போனேன். பூட்டியிருந்தது. மகள் வந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் சொன்னாள். “இங்கே இருக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்” என்றும் சொன்னாள்.

போன மாதம்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். “சார்!” என்று அவர் குரல் எழுந்த விதத்தில் என் பாதி வார்த்தைகள் போய்விட்டன. மிச்சத்தில், அந்தத் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டோம் என்றேன்.

“நான் ஊருக்கு வந்த பெறகா?” என்று கேட்டுச் சிரித்தார். கேலிதான், கசப்பில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அந்தப் பொண்ணு அன்னிக்கு வேறதான் கேட்டா பிரதர். நீங்க ஆத்துலயே பார்த்துட்டு வந்து முடிவைச் சொல்லிடறேள்னு.”

“நானா? எங்க சார் பாத்தேன்? வீட்டுல அவ போனப்புறம் தனியா உக்காந்து ஒண்ணையும் பாக்க முடியல. உங்ககூட மாடியில பாத்ததுதான்.”

“அப்புறம் எப்படி அவன் திரும்பி வருவான்னு சொன்னேள்?”

“வராம எப்படி சார் இருப்பான்?”

அவராகவே, “வந்தானான்னு சொல்லிராதீங்க, என்னைக்காச்சும் பாப்பேன்” என்றார். அந்தப் பெண் அவரை வரைந்து வைத்திருப்பதைச் சொன்னேன். “அனுப்புங்க சார். மகளுக்குக் காட்டணும்” என்றார்.

பதினான்கு விசாரணைகள். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து, ‘இதற்கு உங்கள் பதில் என்ன?’ என்று கேட்காமல் நான் எழுதிய முடிவு ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேல்முறையீடு செய்யத் தெரியாத ஒருவருக்கு.

அட்டையை அனுப்ப வேண்டும். படம் கசங்காமல் அனுப்பும் முறை எனக்குத் தெரியும். இணைப்புக் கடிதம்தான் மூன்று வாரமாக எழுத வரவில்லை. ஆயிரக்கணக்கில் எழுதிய கைதான். ‘அன்புள்ள பிரதர்’ என்பதற்குக் கீழே எதை எழுதினாலும் அது டிராஃப்டாகவே இருக்கிறது, நல்ல டிராஃப்டாக.

இன்று காலை கண்ணாடியைத் தூக்கி அட்டையை எடுத்துத் திருப்பினேன். மூன்று மொழியில் அந்தக் கேள்வி. அடியில் புள்ளிக்கோடுகள். பெயர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். முகவரியில் லேக் கார்டன்ஸ் முகவரி. என் சாமி எனக்கு அப்படியே இருக்கிறது, அது இருக்கட்டும். ஜெபக் குறிப்பு என்ற இடம் ஒரு விரல் அகலம்தான். அதில் பொடி எழுத்தில், ‘உங்களைக் கேட்காமல் எழுதினேன்’ என்று எழுதினேன். கீழே கையெழுத்திட்டேன். தேதி போடவில்லை. போட்டால், எத்தனை மாதம் தாமதம் என்று எண்ண வேண்டிவரும். அவர் எண்ண மாட்டார். நான் எண்ணுவேன்.