பேத்திக்கு நான் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

என் பேத்தி வளர்ந்து பெரியவளான பிறகு இந்தச் சம்பவத்தைத் தன் சிறுவயது நினைவாக யாரிடமாவது சொல்வாள். சொல்லும்போது என்னை நல்லவனாகவே காட்டிவிடுவாள். அவள் சுபாவம் அப்படி. அந்த அநியாயம் நடந்துவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

அப்போது அவள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் மாப்பிள்ளையின் ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள். அவரவர் வீட்டில் இருந்தபடியே நாலு பேரும் ஒரே தீவில் ஓடுவார்கள். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது கண்ணுக்குத் தெரியாது. காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது என்று அந்தப் பெண்களே சொல்வார்கள்.

பிறகு அவள் காதில் சீழ் வைத்தது. மன்னார்புரத்துக் காது டாக்டர், லீவு முடியும்வரை ஹெட்போன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மானிட்டருக்குள் இருந்த ஸ்பீக்கரோ கொசு மாதிரி முனகியது. பேத்தி முதுகில் குண்டு வாங்கி முதல் ஆளாகச் செத்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி வரப்போகிறது, அதற்குள் தேறாவிட்டால் வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்வோம் என்று அணித்தலைவி அறிவித்துவிட்டாள். அணித்தலைவிக்கும் வயது பதின்மூன்றுதான். ஆனால் எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுத்தாலே ஒரு பயம் இருந்தது.

டாக்டரிடம் போயிருந்தபோது என் மகள், "வந்தது வந்தீங்க, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்களேன்ப்பா" என்றாள்.

"எனக்கென்ன? பேசறவங்க ஒழுங்காப் பேசினா நல்லாவே கேக்குது."

அதை நான் மனப்பூர்வமாக நம்பினேன். சில வருஷங்களாக உலகம்தான் வாய்க்குள்ளேயே பேசப் பழகியிருந்தது. உலகத்தின் சோம்பேறித்தனத்துக்கு என்னிடம் வேறு சாட்சியும் இருந்தது. சித்திரை வீதியில் பெருமாள் புறப்பாடு வரும்போது நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். பக்கத்தில் ஒருவர் கைத்தாளம் போடுவார். அவர் சும்மா கையை மட்டும் அசைக்கிறார், தாளத்தை ஒன்றோடொன்று தட்டுவதே இல்லை என்பது என் கண்டுபிடிப்பு. "பெருமாள் முன்னாடியே ஏமாத்தறான் பாரு" என்று ஒவ்வொரு உற்சவத்திலும் வீட்டில் வந்து சொல்வேன். யாரும் பதில் பேச மாட்டார்கள். ஆமோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலியியல் என் விருப்பப் பாடம். ஆகவே ஸ்பீக்கர் வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் நானே எடுத்துக்கொண்டேன். மகள் இரண்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, "இதுக்கு மேல ஆகக் கூடாது. தாத்தாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று பேத்தியிடம் சொன்னாள்.

ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்கு நடந்தோம். எதை வாங்க வேண்டும் என்று பேத்தி முன்பே முடிவு செய்திருந்தாள். மாதுளம்பழ அளவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், மானிட்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைப்பது. கடைக்காரர் அவற்றை மாட்டி அந்த விளையாட்டையே ஓடவிட்டார்.

"கேளுங்க தாத்தா. இப்ப இடது பக்கம் நடக்கறான். இப்ப பின்னாடி போறான், சரளைக்கல்லு மேல. சூப்பரா இருக்குல்ல?"

எனக்கு எங்கோ துப்பாக்கி வெடித்தது மட்டும் தெரிந்தது.

"யாரு நடக்கறா? ஒருத்தனும் நடக்கல. இதுல சத்தமே வரலியே."

"சார், வால்யூம் ஃபுல்லா வெச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

நான் விடவில்லை. என் போனில் பதிந்து வைத்திருந்த புறப்பாட்டு மேளத்தைப் போடச் சொன்னேன். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். தவில் ஏதோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலிருந்தது. கைத்தாளம் வழக்கம்போலவே கேட்கவில்லை.

அப்போதுதான் அலமாரியின் மேல்தட்டில் அதைப் பார்த்தேன். ஒரே பெட்டி, சின்ன டிரங்குப் பெட்டி அளவு, முகப்பில் வண்ண விளக்குகள். ரொம்ப நாளாக விலைபோகாமல் தூசி படிந்து, விலையும் இரண்டாயிரத்துக்குள் இறங்கியிருந்தது. மாட்டிவிட்டதும் தவில் நேராக என் நெஞ்சில் வந்து விழுந்தது. மேஜையிலிருந்த பில் புத்தகம் நகர்ந்தது.

"இதுக்குப் பேரு ஸ்பீக்கர்!" என்றேன்.

"தாத்தா, இது ஒத்தப் பெட்டி. இடது எது, வலது எதுன்னே தெரியாது."

ஒலி நம் இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தால்தான் திசை தெரிகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். அந்தப் படத்தை அப்படியே மறந்துவிட்டு, அதிர்வு, எதிரொலி, காற்றின் அழுத்தம் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சின்னதுல நடக்கற சத்தம் உங்களுக்கு நெஜமாவே கேக்கலையா தாத்தா?" என்றாள்.

"கேட்டா சொல்ல மாட்டேனா?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா!" என்று அவரை இடைமறித்தாள் பேத்தி. "அந்தச் சின்னது சரியில்லண்ணா. சத்தமே வரல. பெரிசையே குடுத்துருங்க."

என் இயற்பியல் வென்றுவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். திரும்பும்போது பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், "என்ன சார், கல்யாணச் சீரா?" என்றார். காவிரிப் பாலம் தாண்டும்வரை பேத்தி ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெட்டியை முதன்முதலாகப் போட்டபோது சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. கீழ் வீட்டுக்காரர், ரோடு தோண்ட மெஷின் வந்துவிட்டதா என்று வாசலுக்கு வந்து பார்த்தார். நான் பேத்திக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்பக் கேக்குது பாரு!" என்று உற்சாகப்படுத்தினேன். எதிரிகளின் காலடி யானை நடப்பதுபோல் எல்லாப் பக்கமிருந்தும் ஒன்றாக வந்தது. பாவம், அவள் ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியிலும் அவள்தான் முதலில் செத்தாள். அதற்குப் பிறகு விளையாடவே உட்காரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போரடிச்சிருச்சு தாத்தா" என்றாள். நல்ல ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்ததில் பிள்ளைக்கு விளையாட்டுப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் என்னோடு காலையில் நடப்பவர்களிடம் சொல்லி வைத்தேன். ஒருவர் தன் பேரனுக்கும் அதே மாதிரி வாங்கப் போவதாகக் கடையின் அடையாளம் கேட்டுக்கொண்டார்.

லீவு முடியப்போகும் சமயம், ஒரு முற்பகலில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பேத்தி கம்ப்யூட்டர் வழியாகச் சிநேகிதி ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் குரல் நான் தேர்ந்தெடுத்த பெட்டியிலிருந்து, ஒரு சொல்லும் சிதறாமல், படிக்கட்டுவரை வந்தது.

"ஏண்டி, உங்க தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு இன்னுமா நீ சொல்லல? அவராலதானடி உன்னை டீம்லேந்து தூக்கினாங்க!"

படியில் அப்படியே நின்றுவிட்டேன். பேத்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதோ பதில் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் சொன்னாள். அது பெட்டி வழியாக வரவில்லை, அவளுடைய சொந்தக் குரலில் வந்தது. எனக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை. அவள் முடித்ததும் பெட்டி, "சரிடி. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றது.

மறுநாள் தனியாக மன்னார்புரத்துக் காது டாக்டரிடம் போனேன்.

காதுக்குப் பின்னால் கருவி மாட்டிக்கொண்டு பார்த்த முதல் புறப்பாட்டில் கைத்தாளம் கணீர் கணீரென்று ஒலித்தது. அவர் எதிரே போய்க் கைகூப்பி நின்றேன். பெருமாளை மறைப்பதாக நினைத்து அவர் சற்று ஒதுங்கி வழிவிட்டார்.

சத்திரத்துக் கடையில் அந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் வாங்கி வந்து கொடுத்தேன். அதற்குள் பேத்தியின் காது ஆறி ஹெட்போன் திரும்பியிருந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி நிலைத்துவிட்டாள். இருந்தாலும் அவற்றை மாட்டி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "கண்ண மூடிக்குங்க தாத்தா. எந்தப் பக்கம் வரான்?" என்றாள்.

"இடது."

"இப்ப?"

"வலது. சரளைக்கல்லு மேல."

கைதட்டினாள். மகள் நச்சரித்ததால்தான் நான் கருவி வாங்கினேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டில் நான் நின்றது அவளுக்குத் தெரியாது. அன்று அவள் சிநேகிதிக்கு என்ன பதில் சொன்னாள் என்பது எனக்கும் தெரியாது.