கை தூக்க முடியாத ரவிக்கை

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி சந்தோஷம்தான். மீதிப் பாதி, மேடை ஏற வேண்டுமே என்ற பயம்.

எங்கள் வீட்டு வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார் போட வேண்டும். தம்பிக்கு இருக்கும் ஒரே அக்கா நான். மண்டபமே எழுந்து நின்று அட்சதை தூவும் நேரம் அது. எல்லாக் கேமராவும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு நட்டநடுவில் என் இரண்டு கைகளும் இருக்கும்.

கைகள் என்றால் விரல்களைச் சொல்லவில்லை. விரல்களோடு எனக்குச் சண்டை கிடையாது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தொங்கும் சதையைச் சொல்கிறேன். கையைத் தூக்கினால் அது தனியாக ஆடும். கை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் ஓயும்.

நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. பார்த்தவுடன் "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள், அடுத்த மூச்சில் "என்னா, உடம்பு போட்டுட்ட போல" என்பார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பேச்சை ஆரம்பிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்கார அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, தூணாட்டம் இருக்கு" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விட்டார். இன்றைக்குக் கேட்டால் அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. எனக்கு அன்றிலிருந்து நீளக் கைச் சட்டைதான்.

ஆனால் அத்தையை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் சொன்னது ஒரு தடவை. அதைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எருமை, தடிமாடு, வெட்கங்கெட்டவள். வேறு யாராவது என்னை இப்படித் திட்டியிருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. லோரிக்காரர்களிடம் நாள் முழுக்கக் கத்தி வேலை வாங்குகிற வாய் எனக்கு. அந்த வாய் எனக்காக மட்டும் திறந்ததில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நடக்க ஆரம்பித்தேன். நாங்கள் குடியிருக்கும் தாமானில், வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒரு பாடாங் இருக்கிறது. பந்து விளையாடும் திடல்தான், சுற்றி நடப்பதற்குப் பாதை போட்டிருக்கிறார்கள். விடிந்ததும் போய்விடுவேன். போகும்போது ஸ்வெட்டர். கிள்ளான் வெயிலில், குளிர் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், கழுத்துவரை ஜிப் போட்ட ஸ்வெட்டர். வியர்த்தால் இளைக்கும் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். உண்மையில் கைகளை மூடத்தான்.

அங்கே ஒரு சீன ஆன்டி தினமும் வருவார். அறுபதைத் தாண்டியிருப்பார், கையில்லாத பனியன்தான் போடுவார். நடந்துகொண்டே ஒரு கையால் மறு கையைப் பட் பட்டென்று அடித்துக்கொள்வார். ரத்தம் நன்றாக ஓடுமாம். அடிக்க அடிக்க அந்தச் சதை குலுங்கும். அவர் பாட்டுக்குக் குலுக்கிக்கொண்டே போவார். என்னைத் தாண்டும்போதெல்லாம், "பானாஸ் லா, புக்கா லா" என்பார். சூடாக இருக்கிறதே, அதைக் கழற்று என்று அர்த்தம். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வேன்.

நடை என்று சொல்கிறேனே தவிர, அது எனக்கு நானே கொடுத்த தண்டனை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திட்டு. முட்டி வலித்தால், நல்லா வலிக்கட்டும். ஒருநாள் போகவில்லையென்றால் அன்று முழுக்க எனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தேன். அது பெரிதாக எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. "பழைய மெஷினா இருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர். வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாவம், ஆறுதல் சொல்கிறாராம்.

தம்பிக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவன் பிறந்தபோது நான் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் அவனைத் தூங்க வைப்பது என் பொறுப்பு. என் கைச் சதையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்பான். அப்படித்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அம்மா லீவில் இருக்கும் நாளில்கூட அவர் பக்கத்தில் படுக்க மாட்டான். "அம்மா கை எலும்பு" என்று ஓடி வந்துவிடுவான். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு, நிறைய சிரிப்பும் உண்டு. அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

சேலை எடுத்தாயிற்று. ரவிக்கை தைக்க வேண்டும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகக் கொடுக்கும் தையல்கடைக்குப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு பெண் அங்கே தைக்கிறாள். உடம்பில் டேப்பை வைத்து அளக்க எனக்குப் பிடிக்காது. அளந்து, எண்ணைச் சத்தமாக வேறு சொல்வார்கள். அதனால் அளவு ரவிக்கை ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நமக்குச் சரியாக இருக்கும் ரவிக்கையைக் கொடுத்து, இதே அளவில் தைத்துக் கொடு என்று சொல்வதுதானே வழக்கம். நான் கொடுத்தது என் கல்யாணத்து ரவிக்கை.

அவள் அதை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க அளவுதானா?"

"என் அளவுதான். கல்யாணத்துக்குள்ள ஆயிடும்."

"கை மட்டுமாவது கொஞ்சம் லூஸா வைக்கட்டுமாக்கா?"

"வேணாம். இருக்கிறபடியே தைங்க."

என் குரலில் இருந்த வெடுக்கென்ற தொனியைக் கேட்டு அவள் ரவிக்கையை மடித்து எடுத்து வைத்தாள். அந்த ரவிக்கைக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அது தைத்து வந்ததும் அலமாரிக் கதவில் மாட்டி வைத்தேன். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கப் போவேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டுப் பார்த்தேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்ததும் கொக்கிகள் மாட்டின. கடைசிக் கொக்கி மாட்டிய சத்தம் எனக்குப் பெரிய மேளச் சத்தமாகக் கேட்டது. கைகளைத் தொங்கவிட்டபடி கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நான் கையைத் தூக்கிப் பல வருஷமாகிறது.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில். மண்டபம் மாடியில். லிஃப்டில் கூட்டம் நெருக்கியடித்ததால் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனேன். மேக்கப் போட வந்த பெண்ணே சேலையையும் கட்டிவிட்டு, தலையும் பின்னிப் பூ வைத்துவிட்டாள். நான் சிலை மாதிரி நின்றேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "அழகா இருக்க" என்று அம்மா சொன்னார். நானும் நம்பினேன்.

தாலி வைத்த தட்டு எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பி வந்தது. நான் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். பெரிய மாலை, ஜடை நிறையப் பூ. அதையெல்லாம் தாண்டி முடிச்சுப் போட வேண்டுமென்றால் கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முன்னால் நீட்ட வேண்டும். ஒத்திகை பார்ப்பதுபோல மெதுவாகத் தூக்கினேன். நெஞ்சுக்கு மேல் வரவில்லை. ரவிக்கைக் கை சதையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அக்குளில் ஒரு தையல் 'டிக்' என்றது.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கிழியப்போகிறது. இத்தனை பேருக்கு முன்னால், இத்தனை கேமராவுக்கு முன்னால், நான் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தது வெளியே வந்து ஆடப்போகிறது. உள்ளே இருந்து என்னைத் திட்டும் வாய் ஆரம்பித்துவிட்டது. எருமை, உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை?

எனக்குப் பக்கத்தில் சித்தி மகள் விளக்கோடு நின்றிருந்தாள். ஒல்லியான பெண்.

"நீ போட்டுடு" என்றேன் அவள் காதில்.

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்குக் கை வரலை. நீயும் தங்கச்சி முறைதானே, போட்டுடு."

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தவன், விளக்கைக் கைமாற்றிக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் பார்த்தான். என்ன நடக்கிறதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனிகளையும் அவன் விடவில்லை.

"அக்கா" என்றான்.

"அவ போடுவாடா."

"நான் பிடிச்சிக்கிட்டே நிக்கிறேன். நீ வா."

"நேரமாகுதும்மா" என்றார் ஐயர். அட்சதை எங்கள் தலைமேல் விழுந்துகொண்டே இருந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, ரவிக்கைமேல். என் பிள்ளை மாதிரி நான் வளர்த்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், ஒரு முழத் துணி என்னைத் தடுப்பதா? கிழிந்தால் கிழியட்டும், போ.

இரண்டு கைகளையும் தூக்கினேன்.

மேளச் சத்தத்தில் அது கிழிந்தது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அக்குளிலிருந்து முழங்கைவரை இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. ஃபேன் காற்று சில்லென்று உள்ளே வந்தது. கேமராக்காரர் கிட்டே வந்தார். நன்றாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பியின் விரல்களிலிருந்து கயிற்றை வாங்கி இரண்டாவது முடிச்சைப் போட்டேன்.

"அண்ணி, நல்லா இறுக்கிப் போடுங்க" என்று பெண் தலையைக் குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூன்றாவதையும் போட்டேன். கைச் சதை நன்றாகவே ஆடியது. பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

அதன்பின் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவர் காலிலாக விழுந்து எழுந்தார்கள். என் முறை வருவதற்குள் தைரியம் பாதி வடிந்துவிட்டது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். காலில் விழுந்து எழுந்த தம்பி நேராக நிமிரவில்லை. அணைத்துக்கொள்வதுபோல என் பக்கம் சாய்ந்தான். முந்தானைக்குள் கையை விட்டு, கிழிந்த இடத்தில் தெரிந்த சதையை இரண்டு விரலால் பிடித்தான். பிடித்து மெதுவாக உருட்டினான்.

"இத ஏன்கா மறைக்கிற?" என்றான். "இது என்னோடது."

மாலையும் சந்தனமுமாக நின்ற அந்தத் தடிப்பயல் சொன்ன சொல்லில் நான் மேடையிலேயே உடைந்து அழுதேன். அம்மா ஓடி வந்து, "என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லமா, அக்கா ரவிக்க கிழிஞ்சிடுச்சு" என்றான் அவன். அதற்கா இந்த அழுகை என்று அம்மா என்னைத் திட்டினார். பூச்சோங்கிலிருந்து வந்திருந்த பெண் வீட்டார் மொத்தப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தானையைப் போர்த்தாமலே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தூண் என்று சொன்ன அத்தை எதிர் வரிசையில்தான் இருந்தார். "என்னா, கொஞ்சம் இளைச்சிட்ட போல" என்றார். கிழிந்த கையையும் பார்த்தார், பிறகு பாயசத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமே வராதது ஆச்சரியமாக இருந்தது. அப்போதுதான் படியேறி வந்தது ஞாபகம் வந்தது. சீர்த்தட்டோடு அத்தனை படி ஏறி வந்திருக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. போன வருஷம் ரயில் நிலையத்துப் பாலத்தை ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று, போன் பார்ப்பதுபோல நடித்தவள் நான். எடை மெஷின் இதை எனக்குச் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஓய்வு. அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் ஷூவை மாட்டினேன். யாரும் மேடை ஏறச் சொல்லவில்லை, நுழைய வேண்டிய ரவிக்கையும் இல்லை. நடக்க வேண்டும் போலிருந்தது, கிளம்பினேன். கதவுக்குப் பின்னால் ஸ்வெட்டர் தொங்கியது. கை தன்னால் அதைத் தொட்டது. பிறகு விட்டுவிட்டு, வீட்டுக்காரருடைய பழைய அரைக்கை டீ சட்டையோடு வெளியே வந்தேன்.

சீன ஆன்டி தூரத்திலேயே பார்த்துவிட்டார். தன் கையை இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். காற்று கையில் பட்டது. முதல் சுற்று முடிவதற்குள் உள்ளே இருக்கும் வாய் வழக்கம்போல ஆரம்பித்தது. பார், எப்படி ஆடுது பார், வெட்கமா இல்ல?

லோரிக்காரர்களிடம் பேசும் குரலில் அதற்குப் பதில் சொன்னேன்.

"அது என் தம்பியோடது. வாய மூடு."