டெக்சாஸ் முத்திரை குத்திய சேணம்

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைப்பதை வாங்கி விற்பது இப்போது என் வேலை. அதற்கு முன் கிண்டிப் பக்கம் ஒரு லாயத்தில் குதிரை லத்தி அள்ளினேன், மெரினாவில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், குரோம்பேட்டையில் ஈரத்தோல் சுமந்தேன். எதிலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடம் எட்டாவது பாதியில் நின்றது. குதிரை தெரிந்தவன் என்பதால், எந்த வீட்டுப் பரணிலாவது சேணம் இருந்தால் தரகர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். குதிரை வண்டிக்காரன் வீட்டுப் பிள்ளை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கொம்பு வைத்த சேணம் சென்னையில் அபூர்வம். அமெரிக்காவில் மாடு மடக்குகிறவர்கள் கயிற்றைச் சுற்றிக்கொள்ள முன்பக்கம் அந்தக் கொம்பு. இங்கே ஒன்று அகப்பட்டால் இரண்டு கதைதான் இருக்க முடியும். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போயிருப்பார். இல்லாவிட்டால், கதாநாயகன் தொப்பியும் துப்பாக்கியுமாக வரும் படத்துக்காகக் கோடம்பாக்கத்தில் செய்திருப்பார்கள். எந்தக் கதை என்பதைக் கண்டுபிடிக்கப் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன்.

மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம் ஒரு வீட்டுக்குத் தரகர் கூட்டிப் போனார். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும் அவருடைய அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். வீடு இடிபடப் போகிறது. கூடத்தில் செய்தித்தாள் விரித்து சேணத்தை வைத்திருந்தார்கள். அமெரிக்கச் சரக்கு என்றால் அடையாறில் ஒரு காபிக் கடை சுவரில் மாட்ட எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, தரகர் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனார்.

"தம்பி, எனக்கு விலை வேண்டாம். இது யார் செஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் டீச்சர். "எங்கப்பா சினிமா ஸ்டூடியோல வேலை பார்த்தார். நான்தான் செஞ்சேன்னு சாகிற வரைக்கும் சொன்னார்."

அண்ணன் நாற்காலியிலிருந்து சிரித்தார். "ஸ்டூடியோல கணக்கு எழுதினவர்ப்பா அவர். இது அமெரிக்காக்காரன் ஒருத்தன் பிரியமா குடுத்துட்டுப் போனது. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?"

"எழுபது வயசு சின்னப் பொண்ணு," என்றார் டீச்சர்.

கால் வளையம் தொங்கும் பட்டையைத் தூக்கினேன். அடியில் டெக்சாஸ் என்று ஆங்கிலத்தில் முத்திரை. அதற்குப் பக்கத்தில் தையல் ஓடியது.

அமெரிக்கச் சேணத்தில் தையல் துளைகள் சாய்ந்த கீறலாக இருக்கும். இதில் வட்டமாக இருந்தன. கொக்கி ஊசியால் குத்தி, நூலை வளையமாக இழுத்து, அதற்குள் இன்னொரு நுனியைக் கோத்த தையல். முடிகிற இடத்தில் முடிச்சு இல்லை. இரண்டு துளை பின்னால் வந்து நுனி தோலுக்குள் போயிருந்தது. தி. நகரில் ஒரு பஸ் நிறுத்தத்தின் ஓரம் என் அப்பா செருப்பு தைத்தார். அவர் அப்படித்தான் முடிப்பார்.

"அமெரிக்காதான் டீச்சர். முத்திரை கீது... இருக்கு பாருங்க," என்றேன்.

தையலைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதோடு, ஃபாரின் என்றால் இந்த ஊரில் யாருக்கும் சந்தோஷம்தானே என்றும் நினைத்தேன். அண்ணனுக்குச் சந்தோஷம். டீச்சர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து சேணத்தின் மேல் கை வைத்தார்.

"அப்போ அப்பா பொய்தான் சொல்லியிருக்கார்."

அதற்கு மேல் அந்தப் பொய்யில் என்னால் நிற்க முடியவில்லை.

"இல்ல டீச்சர். இது இங்க செஞ்சது."

"இப்பதானே முத்திரைன்னே?" என்றார் அண்ணன்.

"முத்திரை யாரு வேணாலும் குத்தலாம் சார். படத்துக்குச் செஞ்சா அமெரிக்கா மாதிரி இருக்கணுமில்ல? தையல் நம்ம ஊர்த் தையல்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

போனில் பார்த்தேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. "எங்க நைனா செருப்பு தைச்சிக்கினு இருந்தாரு சார்," என்றேன்.

டீச்சர் கேட்டார்: "எங்கப்பா கைதானா?"

"அது தெரியாது டீச்சர். அமெரிக்காக்காரன் கை இல்ல. அது தெரியும்."

"போதும்."

அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பேரனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கோம். தோல் வேலை அது இதுன்னு வெளியில சொல்லிடாதீங்க." அதுவரை என்னை நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெஞ்சியதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதே குரலில்தான் நானும் தரகர்களிடம் குதிரை வண்டிக்காரன் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

"காபிக் கடைக்கு இல்லைன்னு சொல்லிடுங்க," என்றார் டீச்சர். பிறகு, தையல் விட்டிருந்த ஒரு பட்டையைக் காட்டினார். "இதைத் தைக்க முடியுமா தம்பி?"

கடையில் மிஷின் இருக்கும் என்றேன். அவர் காதில் வாங்காமல் உள்ளே போய் கோணி ஊசியும் கெட்டி நூலும் கொண்டுவந்தார். நூலில் தேய்க்க மெழுகு வேண்டும் என்றதும், மாதா படத்தின் முன்னாலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்தேன். தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் தரகர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்திடலாமா டீச்சர்?"

"எதுக்கு? காத்து வரட்டும்."

மெழுகு தேய்த்த நூலைக் கோத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தைத்தேன்.