ஓடாத பிரிட்ஜுக்கு ஒரு மதிப்பெண்

அந்த பிரிட்ஜை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒற்றை அறை, தகரக் கூரை, சுவரெங்கும் மழைக்கறை; மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிற பிரிட்ஜ். இவர்களை எப்படி ஏழைகள் என்பது? நகரங்களின் வறுமையை அளக்கும் ஓர் ஆய்வுக்காக, கல்லூரி முடித்த கையோடு ஏற்காட்டுக்கு வந்திருந்தேன். வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை, ஆகவே வீட்டில் உள்ள பொருள்களைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் எங்கள் முறை. மதிப்பெண் குறையக் குறைய ஏழை. அந்த எளிமை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வீடு வீடாக ஓடினேன்.

அந்த வீட்டு அக்காவுக்கு லாட்ஜில் அறைகளைத் துடைத்து விரிப்பு மாற்றும் வேலை. கணவர் இறந்துவிட்டார், பத்தாவது படிக்கும் ஒரு மகள். அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு, சுற்றுலா வருபவர்கள் தங்க ஹோம்ஸ்டே கட்டப்போவதாக வீட்டு உரிமையாளர் சொல்லியிருந்தார். ஊருக்குள் புதிதாக எழும்பிய அரசுக் குடியிருப்பில் யாருக்கு இடம் என்பது எங்கள் மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவாகும். அது அக்காவுக்கும் தெரியும்.

"பிரிட்ஜ் இருக்குங்களாக்கா?" என்றேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்ற முன்னாலதான கண்ணு நிக்குது. லாட்ஜ்ல குடுத்தாங்க. நாலு ஆளு தூக்கியாந்தாங்க."

"அவ ஊட்டுக்குப் போனா ஜில்லுனு தண்ணி தருவா," என்று ஒருத்தி சீண்டினாள்.

"இந்தக் குளுருல ஜில்லுத் தண்ணி கேக்கறவ நீ ஒருத்திதான்," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்று தட்டினேன்.

மின்விசிறிக்கு 'இல்லை'. இந்த மலையில் அது பலருக்குத் தேவையே இல்லை; அக்காவின் லாட்ஜ் முதலாளி வீட்டிலும் கிடையாது. சமவெளிக்காரர்கள் எழுதிய கேள்வி என்று மேற்பார்வையாளருக்கு அன்றே நீளமாகக் குறிப்பு அனுப்பி, என் கெட்டிக்காரத்தனத்தில் நானே மகிழ்ந்துபோனேன். பிரிட்ஜைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சில வீடுகளுக்கு இரண்டாம் முறை போய்ச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். வேறு ஆள் இல்லாததால் அந்த வீட்டுக்கு என்னையே அனுப்பினார்கள். ரேஷன் அட்டை கேட்டேன். அக்கா பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. இஸ்திரி போட்ட சீருடை, பாடப்புத்தகங்கள், மகளின் சான்றிதழ்கள், அடியில் ஒரு சிறிய அரிசிப் பை.

"பனி எறங்குச்சுன்னா ஊட்ல தாளெல்லாம் நொம்பப் பூசணம் பூத்துப்போயிருது கண்ணு. இதுக்குள்ள வெச்சா ஒண்ணும் ஆகறதில்ல."

"இது ஓடாதுங்களா?"

"மோட்டாரே இல்ல. அதனாலதான குடுத்தாங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"இருக்குதான்னுதான கேட்ட? ஓடுதான்னு கேக்கலையே. அதுவும் அவளுக முன்னால."

வாசலிலிருந்தே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் அல்ல, பொறுமையாகத்தான் கேட்டார். "இவங்களுக்கு மட்டும் பிரிட்ஜ் மார்க்கைக் கழிச்சா, நாம திரும்பிப் போகாத மத்த வீடுகளுக்கு என்ன சொல்றது? எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டாத்தான்பா அது அளவு." அவர் சொன்னது சரிதான், அதுதான் என்னைத் தின்றது. அப்படியானால் எல்லா வீடுகளுக்கும் மறுபடி போகலாம் என்றேன். அதற்கு நாளில்லை என்றார். குறிப்புப் பெட்டியில் இடம் தீரும்வரை எழுதினேன். பட்டியல் வந்தபோது ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் அக்கா வெளியே நின்றார்.

இந்த ஆண்டு ஆய்வின் இரண்டாம் சுற்று. மின்விசிறிக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். 'இயங்கும் பிரிட்ஜ் உள்ளதா' என்று திருத்தியிருந்தார்கள். பரபரப்பாக முதலில் அந்த வரிசைக்குத்தான் போனேன். அங்கே ஹோம்ஸ்டே எழுந்து நின்றது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்காவே என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்து நாகலூர் கிராமத்தில் தம்பி வீட்டோடு இருக்கிறாராம். அதே லாட்ஜ் வேலைக்குத் தினமும் காலை பஸ்ஸில் வருகிறார்.

"இப்பக் கேளு கண்ணு. எவ முன்னாலன்னாலும் சரியாச் சொல்றேன்."

நாகலூர் ஏற்காட்டு ஊர் எல்லைக்குள் வராது, அதனால் இந்த ஆய்விலும் வராது என்று சொன்னேன்.

அக்கா என் டேப்லெட்டைக் காட்டினார். "அப்ப ஏற்காட்டுல ஏழை ஒருத்தி கொறஞ்சுட்டான்னு எழுதிக்க. மேல இருக்கறவங்க சந்தோசப்படுவாங்க."

பழைய முகவரியில் ஆள் இல்லாததற்கு டேப்லெட் காரணம் கேட்டு நின்றது: பூட்டிய வீடு, இடித்த வீடு, ஊரைவிட்டுப் போனவர்கள். நாள் முழுக்க இந்த ஊரின் படுக்கைகளை விரித்துவிட்டு, உறங்க மட்டும் வேறிடம் போகிறவருக்கு அதில் இடமில்லை. நாகலூர் பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். எல்லை தாண்டி ஏன் போனாய் என்று நாளைக்கு மேற்பார்வையாளர் கேட்பார். எந்தக் காரணத்தையும் தட்டாமல் டேப்லெட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஏறினேன்.