நெட்டில்கோட்டில் நான்கு திருட்டு

எனிட் பார்ஸ்லோவுக்கு எழுபத்தோரு வயது. அதில் இருபத்தாறு வருடம் நெட்டில்கோட் பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிள்ளைகளைச் சாலை தாண்ட வைத்தாள். அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிராக்டர் வந்தால் அதுவே பெரிய விஷயம். ஆனாலும் எனிட் பலகையைத் தூக்கினால் டிராக்டர் நின்றே ஆக வேண்டும். அவள் காலத்தில் நடந்த ஒரே விபத்தில் அடிபட்டது ஒரு வாத்து. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காத வாத்து.

பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊர்க்காவல் குழுவுக்குத் தலைவியானாள். குழுவில் மொத்தம் நான்கு பேர். ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் தூங்கிவிடுவார், இன்னொருவர் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் இருப்பார். ஆக, குழு என்றால் எனிட்தான். மாதம் தவறாமல் ஊர்ச் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் 'குற்ற நிலவரம்' எழுதுவாள். எழுதக் குற்றம் வேண்டுமே. "இம்மாதம் குற்றம் ஏதுமில்லை. சர்ச்சுக்குப் பின்னால் வேலிக் கதவைத் திறந்துபோட்டுப் போனவர் யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்." இந்த மாதிரிதான் வரும். இதைப் படித்துவிட்டு மூன்று பேர் தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

தனியாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "பொண்ணு கேட்டவன் எல்லாம் சாலையை ஒழுங்கா தாண்டத் தெரியாதவன்" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே குறை பக்கத்து வீடு. ஏழாம் நம்பர் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சமையலறை ஜன்னல் வழியாக இருட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த வீட்டுக்கு மார்ச் மாதம் ஆள் வந்தது. நவோமி, அவள் கணவன் டேரன், ஐந்து மாதக் குழந்தை ஒன்று. லண்டன்காரர்கள். அங்கே அவர்கள் வீட்டில் இரண்டு முறை திருடன் புகுந்துவிட்டான் என்பதால்தான் இந்த ஊரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். எனிட் எலுமிச்சைக் கேக்கோடு போய் நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "இங்க ஒரு குண்டூசி காணாம போகாது கண்ணு. நான் இருக்கேன்."

அந்த வாக்குதான் ஏழே வாரத்தில் அவள் தலையில் விடிந்தது.

நவோமியின் அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். அதற்காக ஒரு திங்கட்கிழமை காலை அவசர அவசரமாகக் காரில் கிளம்பிப் போனார்கள். யாரிடமும் சொல்லவில்லை, லண்டனில் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? அன்று மதியமே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. எனிட் அந்த வாரம் முழுக்க ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து கட்டிலில் கிடந்தாள். வெள்ளிக்கிழமை நவோமியும் டேரனும் திரும்பி வந்து பார்த்தால், கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தைத் துணி ஒன்றுகூட இல்லை. வாசலில் வைத்ததாகக் கடைக்காரன் செய்தி அனுப்பிய பார்சல் இல்லை. வேலியில் சாய்த்து வைத்திருந்த டேரனின் சைக்கிள் இல்லை. போதாக்குறைக்கு, குப்பைத் தொட்டியையும் காணோம்.

நவோமி போலீசுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். நான்கு திருட்டு.

எனிட் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தபோது நவோமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல எத்தனை பேரு எனிட்?"

"இருநூத்திப் பன்னெண்டு. உன் பாப்பாவைச் சேத்து."

"அப்ப ஒரே வாரத்துல ஆயிரம் பேருக்குப் பத்தொன்பது திருட்டு. நாங்க விட்டுட்டு வந்த தெருவுலகூட இவ்வளவு கிடையாது. லண்டனைவிட மோசமான இடத்துக்கு நாங்களே காசு கொடுத்து வந்திருக்கோம்."

"ஊர்ல ஆயிரம் பேரே இல்லையேம்மா. ஆயிரம் பேருக்கு எதுக்குக் கணக்கு?"

"அப்படித்தான் போடுவாங்க."

நவோமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனிட் சமாளித்திருப்பாள். குரல் உடைந்துபோய், "பாப்பாவோட சட்டையைக்கூட விடலயே எனிட்" என்றாள். வீடு விற்றுக் கொடுக்கும் தரகரிடம் பேசியாகிவிட்டது, அடுத்த வியாழக்கிழமை வந்து படம் பிடித்துக்கொண்டு போவார் என்றாள்.

வியாழனுக்கு ஆறு நாள்தான். திருடனைப் பிடிக்காவிட்டால் ஏழாம் நம்பர் மறுபடி இருட்டிவிடும்.

மறுநாளே நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினாள். பதின்மூன்று ஊருக்கு ஒரே போலீஸ்காரர், கான்ஸ்டபிள் ஹ்யூஸ். அவர் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார். அதுவரை காத்திருக்க எனிட் என்ன கிறுக்கா? வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். "ஏழாம் நம்பர் வீட்டுல இருந்து யாராவது எதையாவது எடுத்ததைப் பாத்தீங்களா? நீங்க எடுத்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் எடுக்கவில்லை. எண்பத்து மூன்று வயது கிளெனிஸ், "நான் அடுத்தவங்க பொருளை எடுப்பேனா? கேக்கவே அசிங்கமா இல்ல?" என்று கதவைச் சாத்திவிட்டாள். பாதிரியார் கையிரண்டையும் விரித்துக் காட்டினார். ஆடும் கோழியும் வளர்க்கும் சிரில் டாங்ஸ் வழக்கம்போல வம்புக்கு இழுத்தார்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, கைவிலங்கு கொண்டாந்திருக்கியா?"

"சிரில், விளையாடாத. எடுத்தியா, எடுக்கலையா?"

"எடுக்கல தாயே. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். நோட்டில் முப்பத்தொரு 'இல்லை' சேர்ந்தது. கூரை வேலைக்கு வந்த வெளியூர் வேன்மீது சந்தேகப்பட்டாள்; அது அந்த வாரம் வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை கான்ஸ்டபிள் ஹ்யூஸ் வந்து, ஈர மண்ணைப் பார்த்து, டீ குடித்து, "குப்பைத் தொட்டியை எவன்மா திருடுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனிட் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னலில் நவோமி அட்டைப் பெட்டிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

புதன்கிழமை காலை சிரிலிடம் முட்டை வாங்கப் போனாள். அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே புலம்பினார்.

"உன் பக்கத்து வீட்டு லண்டன்காரிக்கு என்ன தலைக்கனம் எனிட்."

"அந்தப் பிள்ளையை ஏன் கரிச்சுக் கொட்டுற? அதுவே நொந்து போயிருக்கு."

"பின்ன என்ன? ஒன்பது நாளா அவ புருஷன் சைக்கிளை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வந்து கேக்கணுமா வேண்டாமா? பிஸ்கட்கூட வாங்கி வச்சேன். நமத்துப் போச்சு."

எனிட் கையிலிருந்த முட்டைகளை மெதுவாகக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் எறிந்திருப்பாள்.

"யோவ். சனிக்கிழமை கேட்டப்ப எடுக்கலன்னு சொன்னியே."

"எடுக்கலதான். நான் எங்க எடுத்தேன்? மழையில நனையுதேன்னு எடுத்து வச்சேன். நீ 'எடுத்தியா'ன்னுதானே கேட்ட? 'எடுத்து வச்சியா'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனிட் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிலின் தலையில் அல்ல, தன் தலையில்தான். நெட்டில்கோட்டில் வீட்டு ஆள் இல்லாதபோது மழை வந்தால், அவர்கள் பொருளை யாராவது உள்ளே எடுத்து வைப்பார்கள். சீட்டு எழுதி வைக்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டார்கள். அப்படிக் கொடுப்பது 'பார், உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்' என்று நீட்டிக் காட்டுவது போல. உடையவர்தான் நாலு வீடு கேட்டுக்கொண்டு வர வேண்டும், உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போக வேண்டும். இது எனிட்டுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். போலீஸ் புத்தி வந்ததும் ஊர்ப் புத்தி போய்விட்டது. இவளுக்கே மறந்து போனால் லண்டன் பெண்ணுக்கு யார் சொல்வது?

வந்த வழியே மறுபடி ஓடினாள். இந்த முறை ஒவ்வொரு கதவிலும், "எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான்காவது கதவுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. சிரிலையும் சேர்த்து அந்த நால்வரிடமும் ஒன்றையும் வாங்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு ஏழாம் நம்பர் கதவைத் தட்டினாள்.

"கோட்டைப் போடு, பாப்பாவைத் தூக்கு. உன் சாமானை வாங்கிட்டு வருவோம்."

நவோமிக்கு முகம் வெளுத்தது. "திருடன் கிடைச்சிட்டானா?"

"நாலு பேரு. ஒருத்திக்கு எண்பத்தி மூணு வயசு. இன்னொருத்தர் பாதிரியார்."

"பாதிரியாரா?"

"குப்பைத் தொட்டி அவர்தான். வா, வழியில சொல்றேன்."

வழியில் சொன்னாள். நவோமி முதலில் நம்பவில்லை. கிளெனிஸ் வீட்டில் குழந்தைத் துணிகள் இஸ்திரி போட்டு, அளவு வாரியாக அடுக்கி இருந்தன. ஒரு மஞ்சள் சட்டையில் லண்டனிலேயே விழுந்துபோன பொத்தான் இருந்த இடத்தில் புதுப் பொத்தான் இருந்தது. "கலர் சேரல, கோச்சுக்காத" என்றாள் கிளெனிஸ். "ஏன்டி இத்தனை நாள் வரல? எனக்குக் கோபம்." டீயும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் வந்தது.

காற்று குப்பைத் தொட்டியை ஓடைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனதாம். பாதிரியார் துரத்திப் பிடித்தாராம். உள்ளேயும் கழுவி வைத்திருந்தார். அங்கே டீயும் இஞ்சி பிஸ்கட்டும். பார்சலை எடுத்து வைத்தவர், தட்டைக் கழுவுவதற்குள் தூங்கும் காவல்குழு உறுப்பினர் வில்ஃப். "பத்திரமான இடம் வேணும்ல" என்று அதைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தார். கேள்வி கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று எனிட் முறைத்தாள். "நீ திருடனைப் பத்திக் கேட்ட. நான் திருடனைப் பாக்கலயே" என்றார் வில்ஃப். அவரும் டீ போட்டார். கடைசியாக சிரில். சைக்கிளில் சங்கிலி பளபளத்தது, இரண்டு சக்கரத்திலும் காற்று இருந்தது. "பின் பிரேக்கு சரியில்ல, மாத்திட்டேன். உன் புருஷன் அதோட எப்படி மலை இறங்கினான்னு தெரியல. அவனுக்கு என்னைப் பிடிக்கலன்னா சொல்லச் சொல்லு, நேரா சொல்லச் சொல்லு."

நவோமி நான்காவது டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. குழந்தையும் காரணம் தெரியாமல் கெக்கெக்கே என்றது. சிரித்து முடித்ததும் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"லண்டன்ல எங்க வீட்டுக் கதவை உடைச்சப்ப பக்கத்து வீட்டுல ஆள் இருந்தாங்க. வெளிய வரல. ரெண்டாவது தடவையும் வரல. வாசல்ல இருந்த பொருள் போயிடுச்சுன்னா எனக்கு வேற என்ன நினைக்கத் தெரியும்?"

சிரில் நமத்த பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

இருட்டுவதற்கு முன் எனிட் கான்ஸ்டபிளுக்குப் போன் செய்தாள். நான்கும் திருட்டு இல்லை என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. "பாதிரியாரா?" என்று அவரும் கேட்டார்.

வியாழக்கிழமை தரகர் கேமராவும் அளவு நாடாவுமாக வந்து இறங்கினார். எனிட் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். காவல் என்ற பேரில் இருபது வருடமாக அங்கேதான் நிற்கிறாள், ஆனால் இப்படிப் பயந்துகொண்டு நின்றதில்லை. நவோமி வெளியே வந்தாள். ஏதோ பேசினாள். அந்த ஆள் தலையாட்டினார், மழைமேகத்தைப் பார்த்தார், நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து எனிட் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நவோமி நின்றாள். கையில் ஒரு வளையம், அதில் மூன்று சாவி.

"டேரன் மூணு பூட்டு போட்டிருக்கான். பெருசு மேல் பூட்டுக்கு. நடுவுல இருக்கறது கொஞ்சம் இழுத்துத் திருப்பணும்."

"எனக்கு எதுக்கும்மா?"

"நாங்க ஊருக்குப் போனா உள்ள பாத்துக்க ஆள் வேணும்ல. லண்டன்ல இதை யாருகிட்டயும் கொடுத்ததில்ல எனிட். கொடுக்க யாருமே இல்ல."

எனிட் சாவியை வாங்கிக்கொண்டாள். இருபத்தாறு வருடம் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அவளை நம்பித்தான் சாலையில் விட்டார்கள். அப்போதுகூட அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதைக் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்ததால், "அந்த நடுப் பூட்டுக்கு எண்ணெய் போடணும்னு உங்க வீட்டுக்காரன்கிட்ட சொல்லு" என்று அதட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு எங்க வீட்டுக்குத்தான் வரீங்க" என்றாள் நவோமி.