சார்ஜாவுக்குப் போகாத கோல்ப் நிருபர்

தமிழ்ப் பத்திரிகையில் கோல்ப் எழுதுகிறவனுக்கு இரண்டே வாசகர்கள்: அச்சுப்பிழை பார்ப்பவர் ஒருவர், மற்றவர் அவனேதான்.

யுத்த காலத்தில் கொழும்பில் அப்படியொரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேர். நிர்மலனுக்குக் கிரிக்கெட், எனக்கு மிச்சமெல்லாம். மிச்சத்தில் பெரியது அநேகமாக வருடந்தோறும் நடக்கும் தேசிய கோல்ப் பகிரங்கப் போட்டி. அந்த வருடம் ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கோல்ப் போட்டி முடியும்வரை பிழை விடாமல் எழுதுகிறவரைச் சார்ஜா கிரிக்கெட் தொடருக்கு அனுப்புவதாகச் சொன்னார். உங்கள் அலுவலகத்திலும் ஒரு நிர்மலன் இருப்பான். அவன் சிரித்தால் உங்களுக்கு வயிறு எரியும். ஆகவே இனி நான் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

வெள்ளவத்தை வாசகி

வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தேன். என் பெயருடன் கோல்ப் முன்னோட்டம் வந்த நாளன்று, பத்திரிகையை அந்தப் பக்கம் தெரியும்படி மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தலைவாரப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டுக்கார அன்ரி கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் முழுவதையும் வாசித்து முடித்திருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"தம்பி, இந்த நிர்மலன் உங்கட ஒபிசோ? அந்தப் பிள்ளை என்னமாய் எழுதுது! ஒருநாளைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

பலகையில் இருந்த சரித்திரம்

போட்டியின் வரலாற்றை அரைப்பக்கம் எழுதச் சொன்னார்கள். கோல்ப் கழகத்தின் சுவரில் வென்றவர்களின் பெயர்ப் பலகை தொங்கியது. மேலே முழுக்க வெள்ளைக்காரத் துரைமார். பிறகு இந்தியா, பாகிஸ்தான் என்று அயல்நாட்டார். அதற்கும் கீழே, ஒரு காலத்தில் அதே திடலில் துரைமாரின் கோல்ப் பை தூக்கியவர்களின் பெயர்கள். குண்டுக்குப் பயந்து வெளிநாட்டார் வராமல் போட்டி நின்ற வருடங்களுக்கு நேரே வெறும் மரம். அந்த வெறும் மரத்தைப் பற்றி நான் எழுதிய பந்தி இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் பக்கத்தைத் திறந்தேன். என் வரலாறு நாலு வரி. மீதி இடத்தில் ஒரு துடுப்பாட்டக்காரர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று நிர்மலன் கண்டிருந்த பேட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என் தோளில் கையைப் போட்டான்.

"குறை நினையாதை மச்சான். செத்த துரைமாரை விட, சனத்துக்கு இவன்ர இடியப்பம்தான் வேணும்."

பங்கர்

கோல்ப் திடலில் பந்தை மாட்டவைக்கும் மணற்குழிக்குப் பங்கர் என்று பெயர். யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல்லைக் கொழும்பில், அந்த நாட்களில், தமிழில், சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. திடலுக்கு அருகே ஒரு தேநீர்க்கடைத் தொலைபேசியில் நிர்மலனுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். "இரண்டு பேர் பங்கருக்குள் மாட்டிவிட்டார்கள், எழுதினாயா? மூன்றாமவர் பங்கரைத் தாண்டி அடித்துவிட்டார்..." பின்னால் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. வேறென்ன வேண்டும்? பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டார்கள்.

தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிர்மலன் அலுவலக வாகனத்தில் வந்து இறங்கினான். இன்ஸ்பெக்டர் கிரிக்கெட் பைத்தியம். அவனுக்குக் கதிரை, பால் தேநீர், பிஸ்கட். ஆடுகளத்தில் பந்து சுழலுமா சுழலாதா என்று அரைமணி நேரம் கதைத்தார்கள். என்னைக் காப்பாற்ற வந்தவன் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. விடும்போது இன்ஸ்பெக்டர் சிங்களத்தில், தம்பி என்று கூப்பிட்டு, அன்பாகத்தான் சொன்னார்:

"மல்லி, நீயும் கிரிக்கெட் எழுதியிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே."

கொட்டாஞ்சேனைச் சம்பியன்

கடைசி நாள் முடிவுகளைக் கழகத் தொலைபேசியிலிருந்தே நிர்மலனுக்கு வாசித்தேன். கோல்பில் குறைய அடித்தவர்தான் வெற்றி. நான் சொன்ன வரிசையை நிர்மலன் தலைகீழாக்கி, அதிகம் அடித்துக் கடைசியாக வந்த பெனடிக்ட் என்பவரை மறுநாள் பத்திரிகையில் சம்பியனாக்கிவிட்டான். "குறைய அடிச்சவன் எப்பிடி மச்சான் வெல்லுவான்? நீ மாறிச் சொல்லிப்போட்டாய் எண்டு நான்தான் திருத்தினனான்" என்றான். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இதைவிடப் பெரிய பிழை ஏது? சார்ஜா எனக்குத்தான்.

பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரின் அறைக்கு ஓடினேன். எனக்கு முன்னமே அங்கே பெனடிக்ட் கேக் பெட்டியோடு நின்றார். கொட்டாஞ்சேனையில் அவர் தெரு முழுக்க அவருக்கு மாலை போட்டதாம். "திருத்தம் மட்டும் போட்டுடாதீங்க சேர். அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல நேர்த்திக்கடனே குடுத்திட்டாங்க" என்று கெஞ்சினார். ஆசிரியர் கேக்கைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். முறைப்பாடு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஒருத்தருமே காணாத பிழை பிழையில்லை, தம்பி. நிர்மலன் போயிட்டு வரட்டும். கேக் எடும்."

நிர்மலன் சார்ஜாவிலிருந்து எனக்கொரு தொப்பி வாங்கி வந்தான். ஆனால் இன்றுவரை என் வயிறு எரிவது அவனை நினைத்தல்ல, கடைசியாக வந்தும் மாலை வாங்கிய அந்தப் பெனடிக்டை நினைத்துத்தான்.