வழிய வழிய ஊற்றிய பெட்ரோல்

அறுபதுகளின் தொடக்கத்தில், விருதுநகர் எண்ணெய் வியாபாரி ஒருவரிடம் கொஞ்ச காலம் கார் ஓட்டினேன். ஒருநாள் சிவகாசிக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம்.

"கழுத்து வரைக்கும் ஊத்தச் சொல்லுலே" என்றார்.

"கொஞ்சம் எடம் விடணும் மொதலாளி. வெயில்ல பொங்கும்."

"பொங்குறதுக்கு அதென்ன பாலா? நம்ம கடையில படி வழிய அளக்கலேன்னா எவன் வாங்குவான்?"

வழிய வழிய ஊற்றினார்கள்.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வாசலில் காரை வெயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்பெனிக்குள் பீடி பிடிக்கக் கூடாது என்பதால், லோடு ஏற்றுபவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வாசலுக்கு வந்துதான் பற்றவைப்பார்கள். ஒருவர் தீக்குச்சியை எடுத்தபோதுதான் எனக்கு வாடை அடித்தது. டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து, அவர் காலடி வரை ஓடியிருந்தது.

"அண்ணாச்சி, உரசாதீக!"

கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருமாக மண்ணை அள்ளிப் போட்டு மூடினோம்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கம்பெனிக்காரர்கள் முறைத்ததும், "இந்தப் பயதான் அளவு தெரியாம ஊத்திட்டான்" என்று என்னைக் காட்டினார். அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

தீப்பிடித்திருந்தால் யார் தப்பு என்று விசாரித்திருப்பார்கள். பிடிக்காததால் யாரும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து அதே பெட்ரோல் பங்கில் அந்தக் காரைப் பார்த்தேன். புது டிரைவர், "வழிய ஊத்துங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனை எச்சரிக்கலாம் என்று கிட்டே போனேன். நான் சொன்னதைக் கேட்டு அவன் முதலாளியை எதிர்த்துப் பேசினால் அவன் வேலையும் போகும் என்று தோன்றியது. அப்படியே திரும்பி சாத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.